அந்தப் பட்டியலுக்கு யார் பொறுப்பு?

போன மாசம் எங்க காலேஜில் வேலைவாய்ப்பு பற்றி ஒரு கூட்டம். வெளியிலிருந்து வந்தவர் திரையில் பெரிசாகப் போட்ட தலைப்பு: "போக்குவரத்து, தொழில்நுட்பம், டேட்டா இன்ஜினியரிங் துறைகளில் தலைமைப் பொறுப்புகள்". படித்ததுமே பின் பெஞ்ச் பாதி காலி. பக்கத்தில் இருந்தவன், "மச்சி, இது பி.இ. பசங்க மேட்டர்டா. நமக்கு டாலி, டேக்ஸ், பேங்க் எக்ஸாம். வா, கேன்டீன் போலாம்" என்றான்.

நானும் எழுந்திருப்பேன். ஆனால் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஆறாவது படிக்கும்போது அவர் கைக்கு டிக்கெட் மெஷின் வந்தது. அதுவரை கலர் கலராக டிக்கெட் கட்டு, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதுவது என்று ஓடிய வாழ்க்கை. மெஷின் வந்த அன்றைக்கு வீட்டில் ஒரே சந்தோஷம். இரண்டாம் நாள் ராத்திரி அப்பா முகமே சரியில்லை. அவர் ரூட்டில் ஒரு ஸ்டேஜ் மெஷினில் இல்லையாம். அங்கே இறங்குகிறவர்களுக்கு அடுத்த ஸ்டேஜ் கட்டணத்தைத்தான் மெஷின் அடிக்கிறது. தினமும் அந்த பஸ்ஸில் வருகிற ஜனங்கள், "என்னண்ணே, உங்க இஷ்டத்துக்கு ஏத்திட்டீங்களா?" என்று சண்டை. அப்பாவை அதுவரை யாரும் திருடன் மாதிரி பார்த்ததில்லை.

டைம் கீப்பரிடம் சொன்னார். டிப்போவில் சொல்லச் சொன்னார்கள். டிப்போவில், தலைமை அலுவலகத்துக்கு எழுதணும் என்றார்கள். அங்கே, மெஷின் கொடுத்த கம்பெனியைக் கேட்கணும் என்றார்கள். கம்பெனி ஆள், "நீங்க கொடுத்த லிஸ்டைத்தான் சார் ஏத்தினோம்" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்தப் பட்டியல் மட்டும் யாருடையதும் இல்லை. ஒரே ஒரு வரியைச் சேர்க்க மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் ஏச்சு வாங்கியது அப்பா ஒருத்தர்தான்.

இப்போது மேட்டருக்கு வருவோம். இந்தத் துறைகளில் "தலைமை" என்றால் என்ன? என்னைக் கேட்டால், அந்தப் பட்டியல் என்னுடையது, தப்பாக இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று சொல்வதுதான் தலைமை. கண்ணாடி ரூம், கோட்டு சூட்டு எல்லாம் அப்புறம். அப்படிச் சொல்ல பி.இ. பட்டம் கட்டாயம் இல்லை.

முதலில் ஒரு பயத்தைத் தெளிய வைத்துவிடுகிறேன். டேட்டா இன்ஜினியரிங் என்றால் ஏதோ ராக்கெட் என்று நினைத்திருந்தேன். பத்து இடத்தில் பத்து விதமாகப் பிறக்கிற தகவலை எடுத்து, பிழை நீக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, கேட்ட நேரத்தில் கிடைக்கிற மாதிரி வைப்பதுதான் அது. நம்ம பாஷையில் சொன்னால் வவுச்சரிலிருந்து ஜர்னல், ஜர்னலிலிருந்து லெட்ஜர், லெட்ஜரிலிருந்து டிரையல் பாலன்ஸ். முதல் வருஷமே படித்திருக்கிறோம்: ஒரு பரிவர்த்தனையை முழுசாகவே எழுதாமல் விட்டால் டிரையல் பாலன்ஸில் தெரியாது. இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். எரர் ஆஃப் ஒமிஷன். அப்பாவின் மெஷினில் நடந்தது அதுதான். மெஷினுக்குள் எல்லாம் சரி. ஊரில் இருக்கிற ஸ்டேஜ்தான் உள்ளே இல்லை.

இனி மூன்று உதாரணம். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை, ஆனால் விஷயம் எல்லா ஊருக்கும் பொது.

ஒன்று, போர்ட்லாண்ட். அந்த ஊர் பஸ், ரயில்களை நடத்துவது டிரைமெட் என்கிற பொது நிறுவனம். அங்கே தகவல் தொழில்நுட்பப் பிரிவில் மேலாளராக இருந்தவர் பிபியானா மெக்ஹியூ. காரில் போக வழி கேட்டால் இணையம் உடனே சொல்கிறது, பஸ்ஸில் போக வழி கேட்டால் ஏன் சொல்வதில்லை என்பது அவருக்கு வந்த கேள்வி. நமக்கெல்லாம் வந்திருக்கும், புலம்பிவிட்டு ஆட்டோ பிடித்திருப்போம். அவர் 2005-ல் கூகுளைத் தொடர்பு கொண்டு, எங்கள் கால அட்டவணைத் தகவல் முழுவதும் தருகிறோம் என்றார். அந்த வருஷ டிசம்பரில் கூகுள் டிரான்ஸிட் போர்ட்லாண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பமானது. அந்தத் தகவலை எந்த வடிவத்தில் கொடுப்பது என்று அவர்கள் வகுத்ததுதான் ஜி.டி.எஃப்.எஸ். 2006-ல் அதை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க பஸ், ரயில் நிறுவனங்கள் அந்த வடிவத்தில்தான் அட்டவணையை வெளியிடுகின்றன. டெல்லி அரசு 2018-ல் ஐ.ஐ.ஐ.டி. டெல்லியோடு சேர்ந்து பஸ் தகவலைத் திறந்துவிட்டபோதும் இதே வடிவம்தான்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள், ஒரு ஜிப்பில். நிறுத்தங்கள் ஒன்று, வழித்தடங்கள் ஒன்று, டிரிப்கள் ஒன்று, எந்த டிரிப் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்பது ஒன்று, எந்தெந்த நாள் ஓடும் என்பது ஒன்று. எக்ஸெலில் திறக்கலாம். சத்தியமாக, நம்ம காஸ்டிங் ஷீட் இதைவிடக் கஷ்டம் :-) இதில் பெரிய விஷயம் கோடிங் இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த அட்டவணையை, சரி பார்த்து, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொன்னாரே, அதுதான்.

இரண்டு, யு.பி.எஸ். கூரியர் கம்பெனி. ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இடத்தில் பார்சல் கொடுக்கவேண்டும், எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? இதற்காக ஓரியன் என்று ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஜாக் லெவிஸ் படித்த பட்டம் உளவியல்! எங்கிருந்தோ கொண்டுவந்த ஆளும் இல்லை, 1976-லிருந்து அதே கம்பெனியில் இருந்தவர். கணிதம் போட நிபுணர்கள் இருந்தார்கள். ஆனால் மேப்பில் இருக்கிற தெரு ஒன்று, டிரைவர் உண்மையில் வண்டி நிறுத்துகிற வாசல் வேறொன்று என்றால் எந்தக் கணிதமும் உதவாது. அதைத் திருத்தவும், பல வருஷம் ஒரே ரூட்டில் ஓடின டிரைவரை இந்த வரிசையை நம்ப வைக்கவும் அந்தத் தொழில் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஓரியனால் வருஷத்துக்கு சுமார் 10 கோடி மைல் மிச்சம் என்று யு.பி.எஸ். சொன்னது. 2016-ல் இதற்கு ஃபிரான்ஸ் எடல்மன் விருது கிடைத்தது. அந்தத் துறையில் அது பெரிய விருது.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். 2022 டிசம்பர் கடைசியில் பனிப்புயல் வந்தது. மற்ற ஏர்லைன்ஸும் தடுமாறின, ஆனால் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் பத்து நாளில் 16,000-க்கும் மேல் விமானங்களை ரத்து செய்தது. சுமார் 20 லட்சம் பயணிகள் மாட்டினார்கள், அதுவும் கிறிஸ்துமஸ் நேரத்தில். விமானம் எங்கே என்று கம்பெனிக்குத் தெரியும். பைலட்டும் பணிப்பெண்களும் எங்கே என்றுதான் தெரியவில்லை! ஊழியர்களை ஒதுக்கும் மென்பொருளால் அவ்வளவு மாற்றத்தைத் தாங்க முடியவில்லை. அவர்கள் போன் பண்ணி "நான் இந்த ஊரில் இருக்கிறேன்" என்று சொல்ல மணிக்கணக்கில் லைனில் காத்திருந்தார்கள். கேஷ் புக் ஒன்று சொல்கிறது, பாஸ் புக் வேறு சொல்கிறது, ரீகன்சிலியேஷன் போட ஆளில்லை. அந்தக் காலாண்டில் மட்டும் சுமார் 80 கோடி டாலர் அடி. அடுத்த வருஷம் அமெரிக்க அரசு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. அப்போது தலைமைச் செயல் அதிகாரி பாப் ஜோர்டன். அவர் 1988-ல் அதே கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். தொழில்நுட்பம் தெரியாத தலைவர் என்று யாரும் சொல்ல முடியாது. பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆகவே பழியை முழுசாக அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பழைய மென்பொருள் பற்றி ஊழியர் சங்கங்கள் பல வருஷமாகவே எச்சரித்திருந்தன. அதை மாற்றுவதற்கான செலவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தள்ளிப்போட்ட அந்தச் செலவு ஒரு கடன். ஆனால் எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் அது பொறுப்புகள் பக்கத்தில் வராது. எந்தச் செலவை எந்த வருஷம் செய்வது என்பது இன்ஜினியர் மட்டும் எடுக்கிற முடிவா? ஃபைனான்ஸ் ஆளும் கூட உட்கார்ந்து எடுக்கிற முடிவு. அதாவது நாம்!

நம் ஊரிலும் பார்த்தோமே. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்களை ரத்து செய்தது. பைலட்டுகளுக்கான புதிய ஓய்வு விதிகள் திடீரென்று வந்தவை இல்லை, 2024-லேயே அறிவித்தவை. இத்தனை விமானம், இத்தனை மணி நேரம், இத்தனை பைலட். கழித்துப் பார்த்தால் பற்றாக்குறை தெரியும். தெரிந்திருந்தால் யார் எழுந்து சொல்லியிருக்கவேண்டும்? மறுபடி அப்பாவின் கேள்விதான்.

"அப்படியென்றால் பி.காம் படித்த எல்லோரும் தலைவரா?" என்று கேட்பீர்கள். இல்லை. கூட்டத்தில் பேசியவர் மேல் எனக்கு இருக்கிற வருத்தமும் இதுதான். தலைமை தலைமை என்று அத்தனை ஸ்லைடு போட்டார், முதல் ஐந்து வருஷம் என்ன வேலை என்று ஒரு ஸ்லைடும் இல்லை. முதல் வேலை பெரும்பாலும் எக்ஸெலில் பில் சரிபார்ப்பதும், கிடங்கில் நின்று எண்ணுவதும்தான். சம்பளம் ஐ.டி. நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் செய்யும் வேலையை நாம் சும்மா செய்துவிட முடியாது. எஸ்.கியூ.எல். கற்றே ஆகவேண்டும். கொஞ்சம் பைதான் தெரிந்தால் நல்லது. கணக்கு தெரியும் என்கிற ஒரே பெருமையை வைத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டாம் மாசமே மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் கதவு மூடியிருக்கிறது என்று மட்டும் நம்பாதீர்கள். ரயில்வேயையே எடுங்கள். போக்குவரத்து, கணக்குப் பிரிவு அதிகாரிகளை சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக எடுக்கிறார்கள், எந்தப் பட்டமும் போதும். ரயில் முன்பதிவு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற கிரிஸ் நிறுவனம் 1986-லிருந்து இயங்குகிறது. இணையத்தில் டிக்கெட் விற்பது 2002-ல் வந்தது. சென்னையில் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று சென்னை ஒன் செயலி வந்தது. ஒரே டிக்கெட் என்றால் ஒரு பயணியின் காசு பல நிறுவனங்களுக்குப் பிரியவேண்டும். யாருக்கு எவ்வளவு? எந்த ஸ்டேஜ் வரை யார் பங்கு? இது முழுக்க முழுக்க நம்ம சிலபஸ்!

நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். வீட்டில் பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்கள். எழுதுவேன், மறுக்கவில்லை. ஆனால் இந்த லீவில் ஒரு லாரி சரக்குக் கம்பெனியில் பில்லிங் பிரிவில் இரண்டு மாசம் பயிற்சிக்குக் கேட்டிருக்கிறேன். காசு எதுவும் கிடையாது. ராத்திரியில் எஸ்.கியூ.எல். படிக்கிறேன்.

அப்பாவிடம் போன வாரம் கேட்டேன், "அந்த மூணு வாரம் நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்று. உள்ளே போய் பழைய டிரங்க் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு எடுத்து வந்தார். அந்த ஸ்டேஜில் யார் யாரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கினார் என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். தெரிந்த முகங்களுக்கு அடுத்த நாள் தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் ஒரு டிக் வேறு.

"எதுக்குப்பா? உங்க தப்பு இல்லையே?"

"மெஷினைக் கையில வச்சிருந்தது நான்தானேடா" என்றார்.

கேன்டீன் போன நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மச்சி, அந்த லாரி கம்பெனில இன்னொரு ஆள் எடுப்பாங்களா?" என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் மக்களே?