பதினான்கு அவுன்ஸ் நீதி

மருத்துவ வரலாறு என்று நமக்குச் சொல்லித் தருவதில் ஒரு கதை உண்டு. ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் மருத்துவர் 1747இல் பன்னிரண்டு நோயாளிகளை வைத்துச் சோதனை செய்தார், ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைக் குணமாக்கும் என்று கண்டுபிடித்தார், மாலுமிகள் பிழைத்தார்கள். பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. இந்தக் கதையை நான் ஏற்க மறுக்கிறேன். சோதனை நடந்தது உண்மை. அதைச் சொல்லி எதை மறைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

உப்புக்கறியும் புழுத்த பிஸ்கட்டும் தின்று மாசக்கணக்கில் கடலில் கிடந்தவனுக்கு வருவது ஸ்கர்வி. ஈறு அழுகிப் பல் கழலும். கால் கறுத்து வீங்கும். என்றைக்கோ ஆறிப்போன காயம் திரும்பப் பிளந்துகொள்ளும். எழுந்து நிற்க முயன்றவன் அப்படியே விழுந்து சாவான். சோம்பேறித்தனத்தால் வருகிற நோய் என்று சொன்ன கனவான்களும் இருந்தார்கள். உழைக்கிறவன் படுத்தால் ஆண்டைகளுக்குத் தோன்றுகிற முதல் நோய்க்குறிப்பு எங்கும் அதுதானே.

இதற்கு மருந்து லிண்டுக்கு முன்னால் தெரியாதா? 1601இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணம் (ஆமாம், நம்மை விழுங்கிய அதே கம்பெனிதான்). ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் கப்பல் ஆட்களுக்குத் தினமும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அவர்கள் தெம்பாக இருந்தார்கள். கூட வந்த மற்ற மூன்று கப்பல்களிலும் ஆட்கள் சுருண்டுபோக, லங்காஸ்டரின் ஆட்கள் போய்த்தான் அவற்றைக் கரைசேர்க்க உதவினார்கள். 1617இல் கம்பெனி மருத்துவர் ஜான் வுடால் எலுமிச்சைச் சாற்றைப் பரிந்துரைத்துப் புத்தகமே எழுதிவிட்டார். "வைட்டமின் சி அப்போது தெரியாதே" என்று அறிவியல் நண்பர்கள் வக்காலத்து வாங்குவார்கள். லங்காஸ்டருக்கும்தான் தெரியாது. சாறு கொடுக்க அது தேவைப்படவில்லை.

தெரிந்த பின்பு என்ன நடந்தது? 1740இல் ஜார்ஜ் ஆன்சன் சுமார் 1,900 பேரோடு ஸ்பானியர்களைக் கொள்ளையடிக்கப் புறப்பட்டார். ஆள் பற்றவில்லை என்று செல்சீ மருத்துவமனையைச் சேர்ந்த 500 ஊனமுற்ற, வயசான சிப்பாய்களை ஏற்ற உத்தரவு போட்டார்கள். நடக்க முடிந்தவனெல்லாம் ஓடிவிட்டான். கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் 259 பேர். அறுபதைத் தாண்டியவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். ஓடக்கூட முடியாதவர்களைப் பொறுக்கியெடுத்து உலகம் சுற்ற அனுப்பிய அரசு அது! புறப்பட்டவர்களில் பெரும்பகுதி ஸ்கர்வியிலும் காய்ச்சலிலும் செத்தது. எதிரி கொன்றது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. 1744இல் கொள்ளைப் பணம் 32 வண்டிகளில் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனது. வண்டியை எண்ணினார்கள்.

ஆளை எப்படி எண்ணினார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போருக்குப் பின் வெளியான கணக்கு: கடற்படைக்குச் சேர்த்தவர்கள் 184,899. சண்டையில் செத்தவர்கள் 1,512. நோயில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 133,708. செத்தவனும் தப்பித்தவனும் ஒரே வரியில்! இரண்டுமே சரக்குக் குறைவு, அவ்வளவுதான்.

லிண்ட் நல்லவராகவே இருக்கட்டும். சோதனையில் பழம் ஆறே நாளில் தீர்ந்துபோச்சு. 1753இல் புத்தகம் வந்தது. சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் பாதுகாக்கச் சொன்னார், காய்ச்சினால் அதன் சக்தி போய்விடும். கடற்படைத் தலைமை எலுமிச்சைச் சாறு வழங்க முடிவெடுத்தது 1795இல், சோதனைக்கு 48 வருஷம் கழித்து. அதைச் சாதித்தவர் கில்பர்ட் பிளேன், பட்டத்து இளவரசரின் மருத்துவர். பிரான்சோடு யுத்தம் நடக்கிறது, ஆள் வேண்டும், சொல்கிறவர் அரண்மனை ஆள். ஆகவே காது கேட்டது. வணிகக் கப்பல் மாலுமிக்கு அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1844இல்தான் வந்தது. அதை இறுக்கிப் பிடிக்க 1867இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

மருத்துவம் தர்மமாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. கப்பல் மருத்துவருக்கென்று ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலும் மாசம் இரண்டு பென்ஸ் பிடித்தார்கள். பால்வினை நோய் என்றால் தனியாகப் பதினைந்து ஷில்லிங், 1795 வரை. அதனால் நோயை மறைத்து அழுகியவர்கள் எத்தனை பேரோ. இதுபோக ரேஷனில் கொள்ளை. பண்டசாலை அதிகாரி கொடுக்கிற பவுண்டுக்குப் பதினான்கு அவுன்ஸ்தான். மிச்சம் இரண்டு அவுன்ஸ் சேதாரமாம். நம்ம ஊர் பாஷையில் கள்ள மரக்கால்.

இனிதான் பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி. 1797 ஏப்ரலில் ஸ்பிட்ஹெட் துறையில் நின்ற பதினாறு போர்க்கப்பல்களின் மாலுமிகள் பாய் விரிக்க மறுத்தார்கள். கப்பலுக்கு இரண்டு பேராக 32 பிரதிநிதிகள் கூடி மனு எழுதினார்கள். 1653க்குப் பிறகு உயராத சம்பளத்தை உயர்த்து. பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் கொடு. துறைமுகத்தில் நிற்கும்போது மாவுக்குப் பதில் காய்கறி கொடு. நோயாளிகளை நன்றாகக் கவனி, அவர்களுக்கென்று ஒதுக்கிய பொருளைத் திருடாதே. காயம்பட்டவனுக்குக் குணமாகும்வரை சம்பளம் கொடு.

திரும்பப் படியுங்கள் தோழர்களே. இதைவிடத் துல்லியமான நோய்க்கணிப்பை எந்த மருத்துவர் எழுதினார்? மருந்து எந்தக் கையில் காணாமல் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதே மாலுமிகளில் பலர் அடிமைக் கப்பல்களிலும் கூலிக்குப் போனவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. தன் உடம்பைப் பற்றித் தானே பேசியவனை வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டு, அவனை வைத்துச் சோதனை செய்தவனுக்கு மட்டும் சிலை வைக்கிறார்களே, அந்த வேலையைத்தான் சொல்கிறேன்.

ஸ்பிட்ஹெட்டில் சம்பள உயர்வும் முழுப் பவுண்டும் மன்னிப்பும் கிடைத்தன. அடுத்த மாசம் நோர் துறையில் எழுந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அங்கே கலகத்தின் மையமாக இருந்தது சாண்ட்விச் என்ற கப்பல். பிடித்து வந்த ஆட்களை மூச்சுவிட இடமில்லாமல் அதில் அடைத்து வைத்திருந்தார்கள். நெரிசலையும் காய்ச்சலையும் பற்றி அதன் மருத்துவர் மார்ச்சிலேயே எச்சரித்திருந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். பிரதிநிதிகளின் தலைவர் ரிச்சர்ட் பார்க்கரை ஜூன் 30ஆம் தேதி தூக்கிலிட்டது அதே சாண்ட்விச் கப்பலில்.