இணையம் இயங்கும் முறையைக் கற்போம்

திறன்பேசியில் செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் தேர்வு முடிவு பார்க்கவும் இன்று பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும், அச்செய்தி எவ்வழியே சென்று எங்கே சேர்கிறது என்று வினவினால் கற்றவரும் விடை கூறத் தயங்குவர். இணையத்தைப் பயன்படுத்தும் திறனோடு, அது இயங்கும் முறையையும் வகுப்பறையில் கற்பித்தல் வேண்டும். இணையவழி மோசடியிலிருந்து நம்மைக் காக்கும் முதல் அரண் அவ்வறிவே.

இணையமும் வலையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். கணினி வலைப்பின்னல்கள் பலவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பெரும்பின்னலே இணையம். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய அர்பாநெட் அதன் முன்னோடி. அவ்விணைப்பின் மீது இயங்கும் சேவைகளுள் ஒன்றே வையக விரிவு வலை. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் அதனை முன்மொழிந்தார். 1993இல் செர்ன் அதனைக் கட்டணமின்றி அனைவருக்கும் பொதுவாக்கியது. இணையம் இருப்புப்பாதை எனில், வலை அதன்மேல் ஓடும் தொடர்வண்டிகளுள் ஒன்று. மின்னஞ்சல் மற்றொன்று, அது வலைக்கும் மூத்தது.

ஒரு தளத்தின் பெயரை உலாவியில் இட்டதும், களப்பெயர் முறைமை அப்பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருகிறது. அம்முகவரியிலுள்ள வழங்கிக் கணினிக்கு நம் வேண்டுகோள் செல்கிறது. வழங்கி அனுப்பும் தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, வரிசை எண் பெற்றுப் புறப்படுகிறது. அவை வெவ்வேறு வழிகளில் முன்பின்னாக வந்து சேரலாம். நம் கருவி அவற்றை வரிசைப்படுத்துகிறது. வழியில் தொலைந்தது மீண்டும் அனுப்பப்படுகிறது. கண்டம் கடக்கும் தரவில் பெரும்பகுதி கடலடிக் கண்ணாடியிழை வடங்களின் வழியே செல்கிறது. சென்னையிலும் அத்தகைய வடங்கள் கரையேறுகின்றன. 2008 சனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே வடங்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் இணையச் சேவை தடுமாறியது.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? வங்கி அனுப்பியதுபோல் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால், பூட்டுக் குறியுடன் ஒரு பக்கம் திறக்கிறது. நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே அக்குறி உணர்த்தும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது. போலித் தளமும் அக்குறியைப் பெற இயலும். தளப்பெயரின் தொடக்கத்தில் வங்கியின் பெயரை எவரும் ஒட்டிவிடலாம். அதைத் தொடரும் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியே தளம் யாருடையது என்பதைக் காட்டும்.

பாடச்சுமை மிகுந்த நிலையில் இதுவும் தேவையா எனச் சிலர் வினவலாம். இதற்குக் கணினி அறைகூட வேண்டியதில்லை. ஒரு கடிதத்தைப் பத்துத் துண்டுகளாக்கி எண்ணிட்டு, வெவ்வேறு மாணவர் கைவழியே கடைசி வரிசைக்கு அனுப்பலாம். ஒரு துண்டை இடையில் மறைத்தும் வைக்கலாம். பெறுபவர் எண்களைக் கொண்டு அடுக்குவார். விடுபட்டதைக் கேட்டுப் பெறுவார். இடையிலுள்ளோர் அத்துண்டுகளைப் படிக்க முடிந்ததையும் வகுப்பு காணும். மறையாக்கம் ஏன் வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும். இரண்டு பாடவேளைகளே இதற்குப் போதும்.

மாணவர்களே, அடுத்த முறை ஓர் இணைப்பைத் தொடுமுன் அதன் தளப்பெயரை இறுதிவரை படியுங்கள். அவ்வாறு படிக்கும் முறையை உங்கள் இல்லத்துப் பெரியோர்க்கும் கற்றுக்கொடுங்கள்.