விடியும்வரை காத்திராதீர்

நாச்சியாபுரம் போன்ற சிற்றூர்களில் இரவில் ஒருவருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், "விடியட்டும், பார்ப்போம்" என்பவர்கள் இன்னும் உளர். அன்பினால் சொல்லப்படும் அச்சொல்லே பெருங்கேடு விளைவிக்கிறது என்பது எம் கருத்து.

மூளையின் இடப்பக்கமே உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. ஆகவே, பக்கவாதத்தில் வலக்கை தளர்ந்தால், பழுது கையில் இல்லை. தைலம் தேய்ப்பதால் பயனில்லை. மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லையென்று உறுதிசெய்தாக வேண்டும்.

எனவே, வாயில் நீரோ மாத்திரையோ புகட்டாதீர்கள். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். உற்றாரைக் கலந்துகொள்வது வழியிலும் இயலும்.