மோட்டார் என்ன சொல்கிறது? இலவசமாகக் கற்கலாம் ஒலிக் கணக்கு!

தமிழ்நாட்டின் வடக்கு எல்லையில், ஆந்திராவின் தடாவுக்கு முந்தைய ஊர் ஆரம்பாக்கம். பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு ஆலை, உதிரிபாகக் கம்பெனி என்று இந்தப் பகுதியில் பல குடும்பங்களின் பிழைப்பு இயந்திரங்களோடுதான். மோட்டார், பம்ப், ஃபேன் சத்தத்தில்தான் அவர்களின் ஷிப்ட் ஓடுகிறது.

அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர், சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவராலேயே விளக்க முடியாது. அவர் ஓய்வு பெற்றால், அந்தக் காதும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வரும் இளைஞர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காதின் வேலையில் ஒரு பகுதியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறது. அதன் பெயர் ஆடியோ சிக்னல் பிராசஸிங். ஒலியை எண்களாக மாற்றி, புரோகிராம் எழுதி ஆராயும் கலை. இதைக் கற்றுத்தரும் பாடங்களும் பயிலரங்குகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதுதான் சுவாரஸ்யம்!

சத்தம் எண்ணாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. மைக் அந்த அதிர்வை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. பழைய தொலைபேசி முறையில் விநாடிக்கு 8,000 முறை, இசை சி.டி.யில் 44,100 முறை. மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எவ்வளவு ஹெர்ட்ஸ் வேண்டுமோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. சி.டி.யின் அந்த எண்ணுக்குக் காரணம் இதுதான்.

அடுத்த வேலை, கலந்து கிடக்கும் சத்தத்தைப் பிரிப்பது. சாம்பாரைச் சுவைத்தே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று பாட்டி சொல்வாரே, அதுபோல! ஒரு சத்தத்துக்குள் எந்தெந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். 1965-ல் கூலி, டூக்கி என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட 'எஃப்.எஃப்.டி.' என்ற குறுக்குவழி இந்தக் கணக்கை மிக வேகமாக்கியது. 1,024 எண்களுக்கு நேர்வழியில் சுமார் 10 லட்சம் பெருக்கல்கள் தேவை என்றால், இந்த வழியில் சுமார் 10,000 போதும். கையில் இருக்கும் போன்கூட இதை நொடியில் முடித்துவிடும்.

மோட்டாருக்கு வருவோம்

நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டார், விநாடிக்கு 24 சுற்று சுற்றுகிறது. சுழலும் பாகத்தில் எடை ஒருபக்கம் கூடினால், 24 ஹெர்ட்ஸில் அதிர்வு உயரும். பேரிங்கில் விரிசல் இருந்தால், உள்ளே உருளும் குண்டு ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் 'டிக்' என்று தட்டும். குண்டுகளின் எண்ணிக்கை, அளவு, சுற்றும் வேகம் தெரிந்தால், விநாடிக்கு எத்தனை தட்டு என்று முன்கூட்டியே கணக்கிடலாம். வெளி வளையத்தில் கோளாறா, உள் வளையத்தில் கோளாறா என்றுகூடப் பிரித்துவிடலாம்.

கணினி கணக்கைத்தான் போடும். 'இந்த மோட்டார் நல்லா இருக்கும்போது எப்படிக் கத்தும்?' என்பதை அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். புரோகிராம் மட்டும் தெரிந்தவருக்கு அது தெரியாது. ஆலைக்குள் நிற்பவருக்குத் தெரியும்.

சுருதிக்கும் இதே கணக்கு

இந்தத் துறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு, கர்னாடக இசைப் பதிவிலிருந்து ஆதார சுருதியைக் கண்டுபிடிப்பது, மிருதங்கச் சொற்களைப் பிரித்தறிவது போன்ற ஆய்வுகளைச் செய்தது. பார்சிலோனாவின் பேராசிரியர் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' ஆய்வுத் திட்டத்திலும் அந்தக் குழு இணைந்தது.

அதே செர்ரா, ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித்துடன் சேர்ந்து 2014-ல் கோர்செரா தளத்தில் இந்தப் பாடத்தை இணைய வகுப்பாக நடத்தினார். அதற்காக பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

* முதல் படி, பைத்தான்: ஐ.ஐ.டி. பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் சின்னச் சின்ன வீடியோக்கள் உள்ளன. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் விளக்கம் கிடைக்கும். பார்த்துக்கொண்டே செய்து பழகும் முறை.

* இரண்டாம் படி, அடிப்படைக் கணக்கு: ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.'லில் சிக்னல் பிராசஸிங் பாடங்கள் உண்டு. படிப்பது இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

* மூன்றாம் படி, பயிற்சி: ஹிட்டாச்சி நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'மிமி' என்ற ஒலித் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வால்வு, பம்ப், ஃபேன் போன்ற இயந்திரங்கள் நன்றாக ஓடும் சத்தமும், கெட்டுப்போன சத்தமும் அதில் இருக்கின்றன.

கொஞ்சம் கவனம்!

'இலவசம்' என்று அழைத்துவிட்டு, கடைசி நாளில் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் பயிலரங்குகளும் உண்டு. சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீடியோ பார்க்க போன் போதும். புரோகிராம் எழுதிப் பழக கணினி தேவை. சொந்தமாக இல்லாதவர்கள், படித்த கல்லூரியின் ஆய்வகத்திலோ நண்பரிடமோ வாரத்தில் சில மணி நேரமாவது ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ஆலைக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பதிவு செய்ய வேண்டாம். பல இடங்களில் போனுக்கே தடை உண்டு. வீட்டு மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் பயிற்சிக்குப் போதும்! 24 ஹெர்ட்ஸ் போன்ற அடிமட்ட அதிர்வை போன் மைக் சரியாகப் பிடிக்காது. அதற்கு மோட்டார் மேலேயே சென்சார் பொருத்துவார்கள். ஆனால், கணக்கு ஒன்றுதான்.

முக்கியமாக, இந்தப் பாடம் மட்டுமே வேலை வாங்கித் தந்துவிடாது. இரண்டு வாரத்தில் முடிகிற விஷயமும் இல்லை. கணக்கு வரும் இடத்தில் பலரும் நிறுத்திவிடுவார்கள். தனியாகப் படிப்பதைவிட இரண்டு பேராகச் சேர்ந்து படித்தால் தாண்டிவிடலாம்.

இன்றே ஒரு சோதனை

ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப்பை போனில் இறக்குங்கள். அதில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் பகுதியைத் திறந்து, தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பான தூரத்தில், வேலிக்கு வெளியே நில்லுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரமோ அதன் இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸில் இருக்கும். போன் திரையில் 100, 200, 300 என்று கோடுகள் எழுகின்றனவா என்று பாருங்கள். ஏன் இரண்டு மடங்கு என்ற கேள்வி மனதில் வந்துவிட்டால், முதல் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!