மூன்று நிமிடப் பாட்டுக்குள் ஒரு நாடு: யூரோவிஷன் மேடையில் உக்ரைன் தேடும் அடையாளம்

2022 மே 14. இத்தாலியின் டூரின் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. உக்ரைனின் ‘கலுஷ் ஆர்கெஸ்ட்ரா’ குழு, அம்மாவைப் பற்றிய ‘ஸ்டெஃபானியா’ பாடலைப் பாடியது. ராப்பும் நாட்டுப்புறப் புல்லாங்குழலும் கலந்த பாட்டு. பாடி முடித்த கையோடு குழுவின் பாடகர் ஒலே ப்சியுக், மரியுபோல் நகரத்தையும் அங்குள்ள அசோவ்ஸ்டல் உருக்காலையில் சிக்கியிருப்பவர்களையும் காப்பாற்றுங்கள் என்று மேடையிலேயே வேண்டினார். அன்று மற்ற 39 நாடுகளின் பார்வையாளர்களிடமிருந்து ஒரு நாடு வாங்கக்கூடிய அதிகபட்சப் புள்ளிகள் 468. உக்ரைன் வாங்கியது 439. அதுவரை யாருக்கும் அப்படியொரு மக்கள் வாக்கு விழுந்ததில்லை.

விழுந்தது பாட்டுக்கான ஓட்டா, போருக்கான ஓட்டா என்ற கேள்வி உடனே எழுந்தது. உக்ரைனுக்கு இது புதுக் கேள்வி கிடையாது. 2003-ல் முதன்முறையாக இந்த மேடை ஏறியதிலிருந்தே, ‘நாங்கள் யார்’ என்பதற்கு அந்த நாடு இங்கே பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பதில் பலமுறை மாறியிருக்கிறது. அதற்காகச் சொந்த நாட்டுப் பாடகர்களே விலை கொடுக்கவும் வேண்டியிருந்தது.

யூரோவிஷன் என்பது என்ன?

ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் நடத்தும் பாட்டுப் போட்டி இது. 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளுடன் தொடங்கியது. அரசுகள் நேரடியாகப் பங்கேற்பதில்லை. ஒவ்வொரு நாட்டின் பொதுத் தொலைக்காட்சியும்தான் பாடகரை அனுப்புகிறது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இசைத் துறையினர் அடங்கிய நடுவர் குழுவும் பார்வையாளர்களும் தனித்தனியாகப் புள்ளிகள் தருகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. சொந்த நாட்டுக்கு யாரும் ஓட்டுப் போட முடியாது. உள்ளூரில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் அது இங்கே செல்லாது. ஜெயிக்க வேண்டுமென்றால் வெளியாள்களுக்குப் பிடிக்க வேண்டும். அதனால் மேடையேறும் நாடு, தன்னைத் தெரியாதவர்களுக்குத் தன்னைப் புரியவைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதியும் 1999-ல் எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பிறகு எந்த மொழியில் பாடுவது என்பதே ஒரு முடிவாகிவிட்டது.

முதல் பதில்: மலைநாட்டின் முழக்கம்

சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து 12 ஆண்டுகள் ஆன பிறகுதான் உக்ரைன் இந்தப் போட்டிக்கு வந்தது. மேற்கு ஐரோப்பாவில் பலருக்கும் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் என்ன வித்தியாசம் என்றே அப்போது தெரியாது. இரண்டாவது ஆண்டே, 2004-ல், இஸ்தான்புல்லில் ருஸ்லானா ஜெயித்தார். கார்பாத்திய மலையில் வாழும் ஹுட்சுல் மக்களின் தாளத்தை எடுத்துக்கொண்டார். ‘ட்ரெம்பிட்டா’ எனப்படும் நீண்ட மரக்கொம்பு ஊத, தோலுடை அணிந்து ஆடினார். பாட்டு ஆங்கிலமும் உக்ரைன் மொழியும் கலந்தது. ‘எங்களுக்கென்று தனி வேர் இருக்கிறது, ஆனால் உங்கள் பாப் இசையும் எங்களுக்குத் தெரியும்’ என்று ஐரோப்பாவைப் பார்த்துச் சொன்னது போலிருந்தது அது.

அந்த ஆண்டின் இறுதியிலேயே தேர்தல் முறைகேட்டுக்கு எதிராக ஆரஞ்சுப் புரட்சி வெடித்தது. ருஸ்லானா போராட்டக்காரர்கள் பக்கம் நின்றார். மறு ஆண்டு போட்டி கீவ் நகரில் நடந்தபோது, புரட்சியின் முழக்கப் பாட்டையே உக்ரைன் தன் பாட்டாக அனுப்பியது. அரசியல் வாசகங்களை எடுத்துவிட்டுத்தான் பாட முடிந்தது. கிடைத்தது 19-வது இடம். உள்ளூரில் தெருவையே நிரப்பிய பாட்டு, வெளியாள்களிடம் எடுபடவில்லை. ஆனால் அந்தப் போட்டியையொட்டி ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உக்ரைன் விசா தேவையை நீக்கியது. தற்காலிகமாக வந்த அந்தச் சலுகை பிறகு நிரந்தரமாகிவிட்டது. பாட்டுப் போட்டி ஒரு நாட்டின் எல்லைக் கதவைத் திறந்துவைத்த அபூர்வ சம்பவம் இது.

எல்லோருக்கும் ஒரே அடையாளமா?

2007-ல் மேடையேறிய வெர்கா செர்டுச்கா ஒரு கற்பனைப் பெண். நகைச்சுவைக் கலைஞர் ஆண்ட்ரி டானில்கோ, வெள்ளி நிற உடையும் தலையில் நட்சத்திரமுமாகப் போட்ட வேஷம். ரயில் பெட்டி உதவியாளராகப் பிறந்த இந்தப் பாத்திரத்தின் பேச்சு, உக்ரைன் மொழியும் ரஷ்ய மொழியும் கலந்த கொச்சை. ‘நாட்டின் மானத்தை வாங்குகிறார்’ என்று உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பியது. வெளியே அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பாட்டின் தலைப்பிலிருந்த ‘லாஷா தும்பாய்’ என்ற சொற்கள் ‘ரஷ்யாவே, போய் வா’ என்று அர்த்தம் தரும் ஆங்கிலச் சொற்கள்போல ஒலிப்பதாகச் சர்ச்சை வந்தது. அது மங்கோலியச் சொல் என்று டானில்கோ விளக்கினார். இரண்டு மொழி கலந்து பேசும் சாதாரண ஜனமும் உக்ரைன்தானே என்ற கேள்வியை, தெரிந்தோ தெரியாமலோ, அந்த வேஷம் எழுப்பிவிட்டது.

‘1944’ ஏன் திருப்புமுனை?

2014-ல் கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது. 2015 போட்டிக்கு உக்ரைன் வரவில்லை. 2016-ல் திரும்பி வந்தபோது ஜமாலாவை அனுப்பியது. அவர் கிரைமியத் தாத்தார் இனத்தவர். 1944 மே மாதம் ஸ்டாலின் ஆட்சியில் அந்த மக்கள் அத்தனை பேரும் ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஜமாலாவின் கொள்ளுப்பாட்டி அந்தப் பயணத்தில் தன் மகளைப் பறிகொடுத்தவர். ‘1944’ பாட்டு அதைப் பற்றியது. ஆங்கிலத்துடன் கிரைமியத் தாத்தார் மொழியும் இதில் ஒலித்தது.

பாட்டு கிரைமியாவைப் பற்றிய இன்றைய அரசியல்தான் என்று ரஷ்யத் தரப்பு ஆட்சேபித்தது. வரலாற்றைப் பாடுவது அரசியல் பேச்சு ஆகாது என்று ஒளிபரப்பு ஒன்றியம் அனுமதித்தது. முடிவும் சுவாரஸ்யமானது. நடுவர்கள் முதலிடம் தந்தது ஆஸ்திரேலியாவுக்கு. பார்வையாளர்கள் முதலிடம் தந்தது ரஷ்யாவுக்கு. இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஜமாலா, கூட்டுத்தொகையில் 534 புள்ளிகளுடன் வென்றார்.

இந்த வெற்றியின் கனம் கோப்பையில் இல்லை. உக்ரைன் இனத்தவரல்லாத, பெரும்பான்மையின் மதத்தையும் மொழியையும் சேராத ஒரு முஸ்லிம் சிறுபான்மையின் துக்கத்தை, ‘இது எங்கள் நாட்டின் துக்கம்’ என்று அந்த நாடு உலகத்தின் முன் ஏற்றுக்கொண்டது. ருஸ்லானா காட்டியது மலைநாட்டு மரபு என்றால், ஜமாலா காட்டியது அதைவிட அகலமான ஒரு நாடு.

யார் போகலாம், யார் போகக் கூடாது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடையாளம் அகலமாகும்போதே, அதைச் சுமக்கத் தகுதியானவர் யார் என்ற சோதனை இறுகியது. 2017-ல் கீவில் போட்டி நடந்தபோது, ரஷ்யப் பாடகி யூலியா சமோய்லோவா முன்பு கிரைமியாவில் பாடியதைக் காரணம் காட்டி உக்ரைன் அவரை நாட்டுக்குள் விடவில்லை. ரஷ்யா விலகிக்கொண்டது.

பிறகு சோதனை சொந்தப் பிள்ளைகள் மீதே திரும்பியது. 2019-ல் தேர்வுப் போட்டியில் வென்ற மாரூவ், ரஷ்யாவில் நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். அடுத்த இடங்களில் வந்த குழுக்களும் போக மறுத்துவிட்டன. அந்த ஆண்டு உக்ரைன் சார்பில் யாருமே போகவில்லை. 2022-ல் வென்ற அலினா பாஷ், 2015-ல் கிரைமியாவுக்குப் போன பயணத்தின் ஆவணங்கள் பற்றிய சர்ச்சையில் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர்கள்தான் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா. அவர்கள் பெயர் உறுதியானது பிப்ரவரி 22. ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது பிப்ரவரி 24.

போரில் இருக்கும் நாடு இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது ஒரு வாதம். எதிரி நாட்டில் பாடிச் சம்பாதித்துவிட்டு இந்தக் கொடியைப் பிடிக்கலாமா என்று கேட்பவர்களின் வலி நிஜமானது. ரஷ்ய மொழி பேசும் ரசிகர்களை நம்பித் தொழில் செய்த ஒரு தலைமுறைக் கலைஞர்கள், விதி மாறிய பிறகு பழைய பயணங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் நிஜம்தான்.

மொழி எப்போது முன்னுக்கு வந்தது?

முழுக்க உக்ரைன் மொழியிலேயே அமைந்த பாட்டை அந்த நாடு முதலில் தேர்ந்தெடுத்தது 2020-ல்தான். கொரோனாவால் போட்டி ரத்தானது. மறு ஆண்டு அதே ‘கோ-ஏ’ குழு, வசந்தத்தை வரவேற்கும் கிராமச் சடங்குப் பாடலை எலெக்ட்ரானிக் இசையில் குழைத்து ‘ஷும்’ பாட்டாகக் கொண்டுவந்தது. ஐந்தாம் இடம் கிடைத்தது. பார்வையாளர் வாக்கில் மட்டும் இரண்டாம் இடம். அர்த்தம் புரியாத மொழியிலேயே ஐரோப்பாவை ஆடவைக்க முடியும் என்று தெரிந்துபோனது. ருஸ்லானா காலத்தில் தேவைப்பட்ட ஆங்கிலத் துணை இப்போது கட்டாயமில்லை. ‘ஸ்டெஃபானியா’வும் முழுக்க உக்ரைன் மொழிதான். ப்சியுக் தன் தாய்க்காக எழுதிய அந்தப் பாட்டு, போர் வந்ததும் தாய்நாட்டுப் பாட்டாகவே மாறிவிட்டது.

அனுதாப ஓட்டா?

நடுவர்கள் அந்தப் பாட்டுக்கு நான்காம் இடமே தந்தார்கள் என்பதால் அனுதாபம் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொரு முறையும், 2025 வரை, உக்ரைன் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. போருக்கு முன்பே இரண்டு வெற்றி. அனுதாபம் மட்டுமே இதைச் செய்துவிடாது. வென்ற கோப்பையைக் குழுவினர் 9 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டு, ராணுவத்துக்கு ட்ரோன் வாங்கக் கொடுத்தார்கள். வென்ற நாடுதான் அடுத்த போட்டியை நடத்த வேண்டும். போரால் அது முடியாமல், 2023 போட்டியை உக்ரைனுக்காக பிரிட்டனின் லிவர்பூல் நடத்தியது. அதற்கான உக்ரைனின் தேர்வுப் போட்டி கீவ் மெட்ரோ நிலையத்தில், பூமிக்கு அடியில் நடந்தது. தேர்வான ‘ட்வோர்ச்சி’ இருவரில் ஒருவர் நைஜீரியாவில் பிறந்தவர். இறுதிச் சுற்று நடந்த இரவில் அவர்களின் சொந்த ஊரான டெர்னோபில் மீது ஏவுகணை விழுந்தது.

இனி என்ன?

‘அரசியல் கூடாது’ என்ற விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருத்த முடியுமா என்பதுதான் இப்போதைய சிக்கல். 2022-ல் ரஷ்யா ஒரே நாளில் வெளியேற்றப்பட்டது. காஸா போருக்குப் பிறகும் இஸ்ரேல் தொடர்கிறது. 2026-ல் இஸ்ரேல் பங்கேற்கலாம் என்று 2025 டிசம்பரில் முடிவானதும், ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா விலகுவதாக அறிவித்தன. ஐஸ்லாந்தும் பின்னால் சேர்ந்தது. ரஷ்யா தன் பங்குக்கு ‘இன்டர்விஷன்’ என்ற பழைய போட்டியை 2025 செப்டம்பரில் மாஸ்கோவில் மீண்டும் நடத்தியது. இந்தியாவும் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் வியட்நாம் வென்றது.

உக்ரைனுக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு. மலைநாட்டுக் கொம்பு, தாத்தார் பாட்டியின் துக்கம், நைஜீரியாவில் பிறந்த பாடகர் என்று இவ்வளவையும் ‘நாங்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் சேர்த்துக்கொண்ட நாடு அது. வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த, ஆனால் இந்த நாட்டை விட்டுப் போகாத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தச் சொல்லில் என்ன இடம் என்பது இன்னும் முடிவாகவில்லை. போர் ஓய்ந்த பிறகு யாரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள் என்பதில் அதற்கான பதில் தெரியும்.