காய்ச்சலுக்கு மாரியாத்தாள் ஜவாப்தாரியா?

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு ஸ்திரீக்குப் பத்தாம் நாள் உடம்பு கொதிக்கிறது, வாயெல்லாம் புண்ணாகிறது என்று வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமமானாலும் சரி, கல்வராயன் மலை ஊரானாலும் சரி, முதலில் என்ன நடக்கும்? "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று ஒரு கிழவி சொல்லவேண்டியதுதான் தாமதம், வாசலில் வேப்பிலை ஏறிவிடும். மருந்து மாத்திரை கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை வெளியே போகக் கூடாது என்று சட்டமும் பிறந்துவிடும். இவ்வளவும் அன்பினால்தான் செய்யப்படுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அன்பினால் செய்த காரியத்தாலும் ஆள் செத்துப்போகிறது என்பதுதான் நம்முடைய வழக்கு.

தோழர்களே! பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் கிடையாது. உலகத்திலேயே ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கூழ் ஊற்றியா ஒழிந்தது? தீ மிதித்தா ஒழிந்தது? ஊசி குத்தி ஒழிந்தது. ஊசிக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடிப்போன ஆத்தாள், இன்று மருந்தேற்றிக்கொண்டவளின் வாயில் மட்டும் வந்து குடியேறினாள் என்றால் நம்புவதற்கு என்ன ஆதாரம்?

விஷயம் இதுதான். புற்றணு என்பது அடங்காமல் பெருகிக்கொண்டே போகும் அணு. வேகமாய்ப் பெருகுகிறதைக் கொல்லுவதற்கே கீமோதெரபி மருந்து கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. மயிர்க்கால், வாயின் உட்தோல், குடல், எலும்புக்குள் இரத்தம் ஊறுமிடம் ஆகியவற்றின் அணுக்களும் வேகமாய்ப் பெருகுகிறவையே. ஆதலால் மயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வயிறு போகிறது, இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகின்றன. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளித்து, காரத்தையும் வெற்றிலை புகையிலையையும் தள்ளிவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது காய்ச்சலுக்குத்தான்.

ஏனென்றால், மருந்தேற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் வெள்ளணு மிகவும் குறைந்து கிடக்கும். காவற்காரனில்லாத வீட்டில் திருடன் நுழைவதைப்போல் கிருமி நுழையும். அப்போது வருகிற காய்ச்சல் 100.4 டிகிரி ஆனாலே அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் ஊசி ஏறவேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நாம் மூன்று நாள் வேப்பிலையில் படுக்கவைக்கிறோம்! வேப்பிலை ஒன்றும் கொல்லவில்லை. அந்த மூன்று நாள்தான் கொல்லுகிறது. கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு "சூடு இறங்கிவிட்டது" என்று இருப்பதும் இதே அசட்டுத்தனந்தான். சூடு இறங்கும், கிருமி இறங்காது.

அக்கிக்கு வருவோம். உடம்பு தளர்ந்த சமயம் பார்த்து ஒரு பக்கமாய்க் கொப்புளம் கிளம்பி எரியும். உடனே குயவரைக் கூப்பிட்டுக் காவி மண்ணால் சிங்கமும் நாயும் எழுதச் சொல்லுகிறார்கள். குயவர் பானை வனைவதில் கெட்டிக்காரர், அவருடைய தொழிலில் நமக்கு மதிப்புண்டு. ஆனால் காவிச் சிங்கம் கிருமியைக் கடித்துத் தின்னுமா? சிறு வயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமியே நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவதுதான் அக்கி. அதற்கு மாத்திரை இருக்கிறது. மூன்று நாளைக்குள் தொடங்கினால் நல்ல குணம் தெரியும். எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும்.

இனி மயிர். திருப்பதிக்குப் போய்க் காசு செலவழித்து மொட்டையடித்துக்கொண்டால் புண்ணியமாம். அதே மயிர் மருந்தினால் உதிர்ந்தால் அவமானமாம், அமங்கலமாம், கலியாண வீட்டுக்கு வரக்கூடாதாம்! இந்த வாய்க்குப் பயந்து பாதியில் மருந்தை நிறுத்திக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்களே, அதற்கு ஜவாப்தாரி யார்?

புற்றென்ற பெயரைக் கேட்டவுடன் பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களையும், கருமவினை என்கிறவர்களையும் பற்றி அதிகம் எழுத மனமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் தலைவிதி என்று உட்கார்ந்துவிடவில்லை. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார்.

நிற்க. குற்றம் முழுவதும் ஜனங்கள் மேலேயே என்று சொல்லுவது யோக்கியமாகாது. 1976 வரை ஜாகீர்தார்களுக்கு உழைத்துக் கொட்டிய மலை ஜனங்கள் அவர்கள். கள்ளக்குறிச்சி 2019இல் ஜில்லாவாயிற்று. 2022இல் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள குக்கிராமத்தில் நடுராத்திரி காய்ச்சல் கண்டவள், மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வழியாக வந்து சேருவதற்குள் எத்தனை மணி போகும்? கல்வராயன் மலையில் பாதையும் வைத்தியமும் இருக்கும் நிலையைப்பற்றி 2024இல் சென்னை ஹைகோர்ட்டே தானாக வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்ததே! மேலும், மருந்தேற்றி அனுப்புகிறபோது கொடுக்கும் சீட்டு இங்கிலீஷில் இருந்தால் யாருக்கு என்ன லாபம்? அறிவு சொல்லவேண்டியவன் இங்கிலீஷில் சொல்லுகிறான். மூடத்தனம் சொல்லுகிறவளோ நல்ல தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிச் சொல்லுகிறாள். யார் பேச்சு எடுபடும்?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. மருந்தேற்றிக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெப்பமானியும், தமிழில் அச்சடித்த ஒரு சீட்டும் கொடுக்கட்டும். 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள், அந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ஒரு தடவையாவது அவ்வீட்டு வாசலில் நின்று "சூடு எவ்வளவு?" என்று கேட்கட்டும். மலை அடிவாரத்து ஆஸ்பத்திரிகளில் முதல் ஊசியைப் போட்டுப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். நம் தோழர்களும் அவரவர் ஊரில் இப்படி வைத்தியம் செய்துகொள்ளுகிறவர்கள் யாரென்று தெரிந்து வைத்துக்கொண்டு, காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் ராத்திரி பகல் பாராமல் 108க்குச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக "இவர் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிச் சிகிச்சை நோட்டை நீட்டவேண்டும். வேப்பிலை வாசலிலேயே இருக்கட்டும். அதைப் பிடுங்கச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.