ஒரு தலை, இரண்டு காந்தம்

போன மாதம் கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளப் போனேன். வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி உட்கார்ந்ததன் பலன். வாசலில் ஒரு பெண் ஃபாரத்தை வைத்துக்கொண்டு விசாரித்தாள்.

"சார், பேஸ்மேக்கர் இருக்கா? உடம்புல பிளேட், ஸ்க்ரூ ஏதாவது?"

"ஸ்க்ரூ ஒண்ணு கழண்டிருக்குன்னு வீட்ல சொல்றாங்க."

சிரிக்கவில்லை. தினம் பத்துப் பேர் இதே ஜோக்கைச் சொல்வார்கள் போலிருக்கிறது. "இடுப்புல அரைஞாண் கயிறு, தாயத்து?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வாட்ச், சாவி, பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுக் கிட்டத்தட்ட சந்நியாசியாக உள்ளே போனேன்.

அவள் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பது 3 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 60,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் குளித்துக்கொண்டிருக்கும் மீகடத்திச் சுருள். ஸ்கேன் முடிந்து லைட்டை அணைத்த பிறகும் ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் அறைக்குள் வந்த ஆக்சிஜன் சிலிண்டர் பறந்துபோய் ஆறு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்காகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் இறந்தார். தாயத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'டக்டக்டக்' என்று குழாய் அலற, நான் அசையாமல் படுத்துக்கொண்டு, இந்த அறைக்குள் வேண்டுமென்றே இன்னொரு காந்தத்தைக் கொண்டுவரும் ஆசாமிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதை 1985-ல் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் ஆரம்பிக்கிறது. ஆந்தனி பார்க்கர் என்பவரும் சகாக்களும் ஒரு செப்புச் சுருளைத் தலைக்கு மேல் வைத்து, கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தை ஒரே மூச்சில் அதில் பாய்ச்சினார்கள். சில ஆயிரம் ஆம்பியர், ஆனால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மாறும் காந்தப் புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-ல் சொன்னதுதான். மின்சாரத்தை மண்டையோடு தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. அந்தப் பக்கம் மூளையில் கை அசைவுக்கான பேட்டையைத் தட்டினால், எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

வெறும் வேடிக்கை என்று நினைக்காதீர்கள். மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்கு இந்த முறையை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2008-ல் அனுமதித்தது. லீவு லெட்டரில் 'வயிற்று வலி' என்று எழுதிக் கொடுக்கப்படும் மனச்சோர்வுகள் சில எனக்குத் தெரியும். உங்கள் ஆபீஸிலும் ஒன்று இருக்கலாம்.

சிக்கல், எங்கே தட்டுவது என்பதில். ஆரம்பத்தில் கட்டைவிரல் துள்ளும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முன்னால் 5 சென்டிமீட்டர் அளந்து வைத்தார்கள். எல்லாத் தலைக்கும் ஒரே தொப்பி! தட்டும்போதே எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், மேலே தட்டியதற்கு உள்ளே யார் யார் எழுந்திருக்கிறார்கள் என்று தெரியுமே? 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் போனிங் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள்: ஒரு படம், ஒரு தட்டு, மறுபடி படம்.

ஆனால் ஒரே ஆபீஸில் இரண்டு மேனேஜர் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கணக்குப் போடுங்கள். 10 சென்டிமீட்டர் கம்பி, 5,000 ஆம்பியர், 3 டெஸ்லா. பெருக்கினால் 1,500 நியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ, இரண்டு மூட்டை அரிசியின் எடை. சுருளின் ஒரு பக்கத்தை மேலே தள்ளினால் மறுபக்கத்தைக் கீழே தள்ளும். தலையை ஒட்டிய அந்தச் சுருள் சுத்தியல் அடித்தது போல் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். உறை பலமாக இல்லாவிட்டால் உடையும்; சத்தத்துக்குக் காதடைப்பான் கட்டாயம்.

இரண்டாவது தொல்லை ரேடியோ. 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. சுமார் 128 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, நம் எஃப்.எம். ஸ்டேஷன்களுக்குச் சற்று மேலே. தலைக்குப் பக்கத்தில் செப்புச் சுருளும் கேபிளும் இருந்தால் அவை ஆன்டெனா வேலை பார்த்து, எங்கோ ஓரிடத்தில் சூட்டைக் குவிக்கக்கூடும். தலைக்குச் சாதாரணமாக அனுமதி, சராசரியாகக் கிலோவுக்கு 3.2 வாட்தான்.

இதையெல்லாம் யார் தலையில் சோதிப்பது? மைத்துனன் தலை என்றாலும் சட்டம் இடம் தராது. அதற்காகவே ஒரு குடும்பம் இருக்கிறது. சூரிச்சில் உள்ள இட்டிஸ் நிறுவனம் உருவாக்கிய ட்யூக், வயது 34, எல்லா, 26, பில்லி, 11, தெலோனியஸ், 6. நிஜ மனிதர்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் குடிவைத்த உடம்புகள். எத்தனை முறை சூடேற்றினாலும் ஒரு புகார் கிடையாது.

உடம்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைப் போட்டு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். 1966-ல் கேன் யீ சொன்ன வழி. 2 மில்லிமீட்டர் கட்டம் என்றால் ஒவ்வொரு அடியும் 4 பிகோசெகண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை வெடித்துவிடும். ரேடியோ அலைக்கு இது சரி. ஆனால் 250 மைக்ரோசெகண்ட் தட்டலை இப்படி நடந்து கடக்க ஆறு கோடி அடிக்கு மேல்! அதனால் மெதுவான காந்தத்துக்கு அலையை மறந்துவிட்டு வேறு கணக்கு. ஒரே தலைக்கு இரண்டு கணக்கு, நம்மில் சிலர் வரி கட்டுவது போல.

அதிலும் உள்ளே கொடுக்கிற எண்தான் எல்லாம். மூளையைச் சுற்றியுள்ள நீர், சாம்பல்நிறப் பகுதியைப் போல ஆறு மடங்கு மின்சாரம் கடத்தும். மண்டையோடு மிகக் கஞ்சன். மூளை மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறு. சுருளைக் கொஞ்சம் சாய்த்தாலே தட்டு விழும் இடம் மாறிவிடும். எனவே கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்பாமல், ஜெல் நிரப்பிய பொம்மைத் தலைக்குள் தெர்மாமீட்டர் செருகிச் சரிபார்த்துவிட்டுத்தான் நிஜத் தலையைக் கூப்பிட வேண்டும். படுத்திருப்பவர் ஏற்கெனவே மனசு நொந்து வந்தவர். அவருக்குத் தப்புக் கணக்கு ஆகாது.

சத்தம் நின்றது. வெளியே வந்து என் உலோகச் சொத்துக்களை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கழுத்து வரைக்கும் ஸ்க்ரூ எதுவும் இல்ல சார். அதுக்கு மேல பாக்கணும்னா தனி பில்."